‘இன்னா சார்’ ஸ்டிக்கரும் ஒரு டி.சி. கடிதமும்

கேள்வி: திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்
11 ஆகஸ்ட் 2024

நாங்கள் படித்த காலத்தில் பஸ்ஸில் ஓட்டாத ஓட்டா, வைக்காத பட்டப்பெயரா? எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டுதான் வளர்ந்தோம். இப்போது நாலு பேர் மீம்ஸ் போட்டால் மன உளைச்சல், கவுன்சிலிங் என்கிறார்கள். காலேஜ் படிக்கிற வயதில் ஃபோனை அணைத்து வைக்கத் தெரியாதா? பெற்றவர்கள் ஃபோனை வாங்கி வைத்தால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

11 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

நான் மறுக்கிறேன். தண்டையார்பேட்டையில் ஒன்பது வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர், ஸ்பைரல் பைண்டிங். வருகிறவர்களில் பாதிக்கு மேல் காலேஜ் பிள்ளைகள். ரெக்கார்டு, பிராஜெக்ட், ஹால் டிக்கெட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும்.

போன பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் காசிமேட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். காலேஜில் முதல் வருஷம். "அக்கா, ஒரு லெட்டர் அடிச்சுக் குடுக்கா" என்று நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினாள். பிரின்சிபாலுக்கு எழுதியது. "உடல்நலக் காரணங்களால் படிப்பைத் தொடர இயலவில்லை, டி.சி. வழங்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்." அடித்துக் கொடுத்தேன். ‘இயலவில்லை’யில் இருந்த எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தினேன். முப்பது ரூபாய் வாங்கினேன்.

நான் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் ஃபோன் கண்ணாடி மேசையில் குப்புறக் கிடந்தது. அது அதிரும்போதெல்லாம் கண்ணாடியும் சேர்ந்து அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் அவளுடைய வலது கை பொசுக்கென்று பின்னால் போகும், சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல. எடுத்துப் பார்க்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அதைக் கவனித்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கடையில் கூட்டம்.

மூன்று நாள் கழித்து இன்னொரு பிரதி வேண்டும் என்று வந்தாள். அப்போதுதான் கேட்டேன்.

12 ஆகஸ்ட் 2024

விஷயம் இதுதான். வகுப்பில் செமினார் எடுத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். காதில் சரியாக விழவில்லை. "இன்னா சார்?" என்றாள். வீட்டில் பேசுகிற மாதிரியே வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். அதோடு முடிந்திருந்தால் அது நீங்கள் சொல்கிற பஸ் கேலிதான்.

யாரோ பதினோரு செகண்ட் வீடியோ எடுத்திருந்தார்கள். அன்று ராத்திரியே அவள் முகத்தை வெட்டி, கண் பாதி மூடி வாய் திறந்திருக்கிற நொடியைப் பிடித்து, கீழே ‘இன்னா சார்’ என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். கிளாஸ் குரூப்பில் யார் எதைக் கேட்டாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். அப்பா போட்டில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர் என்று தெரிந்த பிறகு அவள் எதைப் பதிவிட்டாலும் கீழே வரிசையாக மீன் படம். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எது என்று கேட்டால் பதினைந்து மீன்.

அப்புறம் இன்னொரு குரூப் ஆரம்பித்தார்கள். முதல் குரூப்பில் 62 பேர். இரண்டாவதில் 61.

13 ஆகஸ்ட் 2024

பஸ் கேலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் ஓட்டுகிறவனின் முகம் தெரியும், திருப்பிச் சொல்லலாம், ஸ்டாப் வந்ததும் இறங்கிவிடலாம். இது வீட்டுக்குள்ளேயே வருகிறது. அந்த வீடும் எப்படிப்பட்டது? எங்கள் பக்கத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை உள்ளே போய்ப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, ஐந்து பேர். அழுவதற்கு ஒரு இடம் கிடையாது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தெரியாவிட்டால் அதைவிட மோசம். காலையில் தலைவலி. அம்மா தைலம் தேய்த்துவிடுவார்.

அந்த இரண்டாவது குரூப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003-ல் நவோமி ஐசன்பெர்கர் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர், வேறு இரண்டு பேரோடு கம்ப்யூட்டரில் பந்து போட்டு விளையாடுவதாக நம்புகிறார். கொஞ்ச நேரம் கழித்து அந்த இரண்டு பேரும் இவருக்குப் பந்தைப் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் எதிரில் ஆளே இல்லை, வெறும் புரோகிராம். ஆனாலும் உடம்பு வலிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகளில் ஒன்று அப்போது கிளர்ந்தெழுந்தது. முன்பின் தெரியாத யாரோ பந்து போடாததற்கே அப்படி. இங்கே தினமும் பக்கத்து பெஞ்சில் உட்காருகிற 61 பேர்.

13 ஆகஸ்ட் 2024, இரவு

"குரூப்பை விட்டு வெளியேற வேண்டியதுதானே" என்று எழுதியவருக்கு: இன்டர்னல் மார்க், ஃபீஸ் தேதி, நாளைக்கு கிளாஸ் உண்டா இல்லையா எல்லாம் அந்தக் குரூப்பில்தான் வரும். அதை விட்டு வெளியேறுவதும் வகுப்பை விட்டு வெளியேறுவதும் ஒன்றுதான். அவள் எழுதிய டி.சி. கடிதத்தின் பொருளும் அதுதானே.

15 ஆகஸ்ட் 2024

விடுமுறை, கடை மூடியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

‘சும்மா ஜாலிக்கு’ என்பதற்கும் கொடுமைக்கும் கோடு எங்கே என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். பள்ளிக்கூடக் கொடுமைகளை நார்வேயில் பல வருஷம் ஆராய்ந்த டான் ஓல்வியஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத அளவுக்குப் பலத்தில் வித்தியாசம் இருப்பது. ஸ்டிக்கர் விஷயத்தில் இந்த இரண்டாவது அடையாளம் ஏமாற்றிவிடும். செய்தவன் ஒரே ஒரு தடவைதான் செய்தான். அனுப்பிய ஒவ்வொருவரும் இரண்டு மூன்று தடவைதான் அனுப்பியிருப்பார்கள். தங்கள் பங்கு சின்னது என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். வாங்குகிறவளுக்கு அது ஒரு நாளைக்கு நாற்பது.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் (ஐ.டி. சட்டம்) 66ஏ பிரிவில் புகார் கொடுக்கலாம்.

15 ஆகஸ்ட் 2024, ஒரு மணி நேரம் கழித்து

தவறாகச் சொல்லிவிட்டேன். வக்கீல் ஒருவர் உடனே திருத்தினார், அவருக்கு நன்றி. 66ஏ இப்போது கிடையாது. கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அதை ரத்து செய்துவிட்டது. ஆன்லைன் கேலிக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆபாசமாகப் போட்டால் 67, பிறர் பெயரில் கணக்கு தொடங்கி ஏமாற்றினால் 66டி, பெண்ணை விடாமல் ஆன்லைனில் பின்தொடர்ந்தால் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78. ‘இன்னா சார்’ ஸ்டிக்கர் இது எதிலும் சரியாகப் பொருந்தாது.

ஆனால் வேறு ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரியவில்லை. ராகிங். தமிழ்நாட்டில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தன் 2009 விதிமுறைகளை 2016-ல் திருத்தியபோது, ஒரு மாணவரை அவருடைய சாதி, மதம், நிறம், பாலினம், மொழி, பிறந்த ஊர், வசிக்கும் இடம், பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்து மனரீதியாகத் துன்புறுத்துவதும், கூட்டத்திலிருந்து ஒதுக்குவதும் ராகிங்தான் என்று சேர்த்தது. வசிக்கும் இடம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்குக் காசிமேடுதான் நினைவுக்கு வந்தது. மீன் படமும் 61 பேர் குரூப்பும் அந்த ஒரு வரிக்குள் அப்படியே அடங்கிவிடுகின்றன.

18 ஆகஸ்ட் 2024

ஒரு தங்கை எழுதியிருந்தாள்: "அந்தப் பொண்ணைக் கேட்டுட்டுதான் எழுதுறீங்களா அக்கா?"

கேட்கவில்லை. நேற்று முழுக்க அதுவே மனதில் ஓடியது. அவள் முகத்தை அவளைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று இத்தனை எழுதினேன். அவள் கதையை அவளைக் கேட்காமல் எடுத்தது நான். இன்று சாயங்காலம் அவளைக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன்.

19 ஆகஸ்ட் 2024

வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து என் ஃபோனில் முதல் குறிப்பிலிருந்து எல்லாவற்றையும் படித்தாள். இருக்கட்டும் என்றாள். காலேஜ் இருக்கும் தெருவையும் அவள் படிக்கும் பாடத்தையும் மட்டும் எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். பிறகு என்னைத் திருத்தினாள்.

62 இல்லையாம், அவளையும் சேர்த்து 58. அந்த இரண்டாவது குரூப்பில் 57 பேரும் இல்லை, நாலு பேர் சேர மறுத்துவிட்டார்கள். அது அவளுக்கு மே மாதம்தான் தெரிந்தது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த லெட்டர் அடிச்சிருக்க மாட்டேன்கா" என்றாள். அந்த நாலு பேரும் அவளிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் நல்லவர்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் நான் விட்டுவிட்டேனாம். மெட்ரோ. புது வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் ஏற வேண்டியவள், அங்கே கிளாஸ் பிள்ளைகள் நிற்பார்கள் என்று எதிர்ப்பக்கமாக டோல்கேட் வரை நடந்துபோய் ஏறுவாள். அதற்காகவே காலையில் முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவாள். டிபன் பாக்ஸை வகுப்பில் திறப்பதையும் நிறுத்திவிட்டாள், மீன் குழம்பு வாசம் வரும் என்று.

வீட்டில் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கேள்வி கேட்ட திருவொற்றியூர் அண்ணன் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

"சொன்னா ஃபோன் போய்டும்கா. அப்பால காலேஜு போய்டும். அப்பால மாப்ள பாப்பாங்க."

ஸ்டிக்கர் போட்டவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. சொல்கிறவளுக்குத்தான் தண்டனை. அதனால் யாரும் சொல்வதில்லை. ஃபோனை வாங்கி வைத்தால் ஒரே வாரத்தில் அமைதியாகிவிடும் என்றீர்களே, அது உண்மைதான் அண்ணா. பிள்ளை பேசுவதை நிறுத்திவிடும், உங்களுக்கு அமைதியாகத் தெரியும்.

20 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதில் கோபம் அதிகமாகிவிட்டது என்று அண்ணன் வருத்தப்பட்டிருக்கிறார். மன்னிக்க வேண்டும். ஆனால் சொன்ன விஷயத்தை மாற்ற மாட்டேன்.

25 ஆகஸ்ட் 2024

பெண் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். என் கடைக்கு வரும் வியாசர்பாடிப் பையன் ஒருவன், நன்றாகப் பந்து ஆடுவான். எங்கள் பக்கத்தில் வியாசர்பாடி என்றால் ஃபுட்பால்தான். டோர்னமென்டில் ஜெயித்து இரண்டு கையாலும் கப்பைத் தூக்கிப் பிடித்த படத்தை ஸ்டேட்டஸ் வைத்தான். மறுநாள் அதே படத்தில் கப் இருந்த இடத்தில் பட்டாக்கத்தி. "ஏரியா பேரைச் சொன்னாலே தெரியும்" என்று கீழே எழுத்து. அவன் என்ன செய்தான் தெரியுமா? தானும் சிரிக்கிற எமோஜி போட்டான். மூன்று மாதம் போட்டுக்கொண்டே இருந்தான். அழுதால் ஆம்பளையா என்பார்கள், கோபப்பட்டால் பார்த்தாயா ரவுடி என்பார்கள், சிரிப்பது ஒன்றுதான் மிச்சம். நாலாவது மாதம் கேன்டீனில் ஒருத்தனை அடித்துவிட்டான். பதினைந்து நாள் சஸ்பென்ட் ஆனது இவன். கத்தி வரைந்தவன்மேல் ஒரு விசாரணையும் கிடையாது. இவனிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் பார்க்கப் பிடிக்காமல் அழித்திருந்தான்.

இப்போது காலை பிராக்டிசுக்குப் போவதில்லை என்று அவன் அம்மா சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "ஒண்ணும் இல்லக்கா" என்பான்.

1 செப்டம்பர் 2024

ஸ்டிக்கர் செய்தவனும் என் கடைக்கு வந்திருக்கிறான். ஏப்ரலில், பிராஜெக்ட் பைண்டிங்குக்கு. எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அவனே பேச்சை எடுத்தான். "ஆறு பேர் இருக்கிற குரூப்லதான்கா போட்டேன். எப்படி வெளிய போச்சுன்னே தெரியல." அவள் எதிரில் நின்று அதைச் சொல்லியிருப்பாயா என்று கேட்டேன். "சே, முகத்தைப் பார்த்து எப்படிக்கா" என்றான்.

அவன் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஜான் சூலர் என்ற உளவியல் அறிஞர் 2004-ல் இதைப் பற்றி எழுதினார்: நேரில் பேசும்போது நம்மைப் பிடித்து நிறுத்துகிற கட்டு, திரைக்கு முன்னால் அவிழ்ந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவது கண்ணில் படுவதில்லை. நல்ல வீட்டுப் பிள்ளையும் செய்வான். என் அக்கா மகனும் செய்திருக்கலாம். அதனால் பிள்ளைகளிடம் உனக்கு யாராவது செய்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள், நீ யாருக்காவது ஃபார்வர்ட் செய்தாயா என்றும் கேளுங்கள்.

மன்னிப்புக் கேட்கட்டுமா என்றான். எந்தக் குரூப்பில் போட்டாயோ அங்கேயே கேள் என்றேன். அவன் அவளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினான். அவள் இதுவரை அதைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. அவமானம் 57 பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் தனியாகவா?

8 செப்டம்பர் 2024

திருவொற்றியூர் அண்ணன்: "சரிம்மா, ஃபோனை வாங்கவில்லை. வேறு என்னதான் செய்வது?"

நல்ல கேள்வி அண்ணா. நான் செய்ததையும், செய்யத் தவறியதையும் சொல்கிறேன்.

முதலில் எதையும் அழிக்க விடாதீர்கள். அனுப்பியவரின் நம்பரும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். இன்ஸ்டாகிராம் பக்கம் என்றால் அதன் லிங்கையும் காப்பி செய்து வையுங்கள், பெயரை மாற்றிவிட்டு ஓடிவிடுவார்கள். ஃபோனையும் விற்றுவிடாதீர்கள், அசல் அதில்தான் இருக்கிறது. அப்புறம் காலேஜின் ராகிங் தடுப்புக் குழுவுக்கு எழுத்தில் புகார். வாய்மொழியாகச் சொன்னால் ‘பேசி அனுப்பிவிட்டோம்’ என்று முடிந்துவிடும். பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். காலேஜை நம்ப முடியவில்லை என்றால் யு.ஜி.சி.யின் ராகிங் உதவி எண் 1800-180-5522. படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் நேரே போலீஸ், 1930.

அந்தரங்கப் படம் பரவிவிடும் என்ற பயம் என்றால், ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளம் இருக்கிறது, 18 வயது நிறைந்தவர்களுக்கு. படம் நம் ஃபோனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஒரு அடையாளக் குறியீடு மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்கள் அந்தக் குறியீட்டை வைத்துப் படத்தைத் தடுக்கும். 2021 ஐ.டி. விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் அப்படிப்பட்ட படத்தை நீக்க நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். மார்ஃபிங் செய்ததும் இதில் சேரும்.

இதெல்லாம் காகித வேலை, என் கடையிலேயே செய்துவிடலாம். கஷ்டமானது வேறு. பிப்ரவரியில் அவள் இரண்டாம் தடவை வந்த அன்று, எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேராகவே கேட்டேன்: "செத்துடலாம்னு தோணுதா கண்ணு?" கேட்கக் கூடாது, கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். அப்படி வராது, நேராகக் கேட்பதுதான் நல்லது என்று மனநல மருத்துவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவள் கொஞ்ச நேரம் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "தினமும் இல்லக்கா."

அன்று அவளை வீட்டுக்குத் தனியாக அனுப்பவில்லை. கடையிலிருந்தே 14416-க்குப் போட்டோம். டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு சேவை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. நாற்பது நிமிஷம் பேசினாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அப்புறம் அவளையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஃபோன் பறிபோகும், காலேஜ் நிற்கும் என்று அவளைவிட எனக்குத்தான் பயமாக இருந்தது.

அந்த அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஸ்டிக்கரைக் காட்டச் சொன்னார். ஃபோனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நான் பேசுறதத்தான நீ பேசுன? அதுல இன்னா தப்பு?" என்றார். மகளிடம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் இரண்டு பேரும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் ‘மெண்டல்’ என்று பேசுவார்கள் என்ற பயத்தில், காய்ச்சலுக்குப் போவதாகத்தான் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

9 செப்டம்பர் 2024

இரண்டு திருத்தம். 1930 முக்கியமாகப் பண மோசடிக்கான எண். ஆபாசமாக மாற்றிய படத்துக்கு சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று இருக்கும் பிரிவில் புகார் கொடுப்பதே சரியான வழி. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். அடுத்தது, 14416 லைன் கிடைக்காவிட்டால் சென்னையில் 1986 முதல் நடக்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 இருக்கிறது. இந்த எண்ணையும் 14416-ஐயும் பெரிய எழுத்தில் அடித்து, ஜெராக்ஸ் ரேட் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் ஏ4 தாளில் கீழ்ப்பக்கம் துண்டு துண்டாகக் கத்தரித்து எண்ணைக் கிழித்துக்கொள்கிற மாதிரி தொங்கவிட்டிருந்தேன். ஒன்பது துண்டு போயிருக்கிறது.

6 அக்டோபர் 2024

அவள் எப்படி இருக்கிறாள் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒரு பேப்பர் அரியர். ராகிங் குழுவில் கொடுத்த புகாரின் மேல் வகுப்புக்கே எச்சரிக்கைக் கடிதம் வந்தது, தனி நபர் மேல் நடவடிக்கை இல்லை. எனக்கு அதில் திருப்தி இல்லை, அவளுக்கும் இல்லை. பழைய குரூப்பை மூடிவிட்டு ஒரு பேராசிரியை அட்மினாக இருக்கும் புது குரூப் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஸ்டிக்கர் வருவதில்லை. தூக்கம் பரவாயில்லை. சேராமல் இருந்த நாலு பேரில் ஒருத்தியோடு இப்போது சேர்ந்து சாப்பிடுகிறாள். டோல்கேட் வரை நடப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

நேற்று ஹால் டிக்கெட் எடுக்க வந்தாள். காசு கொடுத்துவிட்டு நின்றாள்.

"அக்கா, அந்த டி.சி. லெட்டர் இன்னும் உன் கம்ப்யூட்டர்ல கீதா?"

இருந்தது. பிப்ரவரி ஃபோல்டரில், அவள் பெயரிலேயே. அவள் கண் முன்னாலேயே அழித்தேன்.

"ரீசைக்கிள் பின்ல?"

அதையும் காலி செய்தேன்.